குண்டுமணி ரோபோவும் அறை நிறைய காந்தமும்

பெரியப்பாவுக்குக் குடல்ல கட்டி, ஆப்பரேஷனுக்குத் தேதி குடுத்தாச்சு. போன வாரம் பெரியம்மா போன்ல, "ஏன்டா, ரத்தத்துக்குள்ள ஓடி நோயைத் தேடிக் கொல்ற ரோபோ வந்துடுச்சாமே, பேப்பர்ல போட்டிருக்கான். அது வர்ற வரைக்கும் தள்ளிப் போடலாமான்னு இவர் யோசிக்கறாரு"ன்னாங்க. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

இப்படி எழுதறவங்களை நாலு செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியர் எழுத வைக்கணும் மக்களே. (நான் ரெண்டு தடவை எழுதினவன், வலி தெரியும்.)

அந்த 'ரோபோ'வுக்குள்ள மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, மூளையும் இல்லை. அது எதையும் தேடாது. காந்தத்துக்கு இழுபடற ஒரு துணுக்கு, அவ்ளோதான். இழுக்கறது வெளியே நிக்கற பெரிய மெஷின்.

2007-ல் மான்ட்ரியலில் சில்வைன் மார்ட்டெல் குழு, உயிருள்ள பன்றியோட கழுத்துத் தமனியில 1.5 மி.மீ. உருண்டையை எம்.ஆர்.ஐ. மெஷினாலேயே ஓட்டிக் காட்டினாங்க. பிரமாதமான வேலை. ஆனா உருண்டையைச் சின்னதாக்கிக்கிட்டே போனா என்ன ஆகும்? விட்டம் பத்துல ஒரு பங்கானா, காந்த இழுப்பு ஆயிரத்துல ஒரு பங்கு. அந்த நுண்ணிய அளவுல திரவத்தோட தடையோ பத்துல ஒரு பங்குதான் குறையும். ஆக வேகம் நூறுல ஒண்ணு. ரத்தம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். காந்தம் தள்ளிப்போனா அதுவும் சேந்து குறையும். எலிக்குள்ள ஓடினது மனுஷ உடம்புல தடுமாறறது இதனாலதான்.

2025-ல் சூரிச் ஈ.டி.ஹெச். குழு 'சயன்ஸ்' இதழில் எழுதினதும் நல்ல வேலைதான். ஜெலட்டின் உருண்டைக்குள்ள இரும்பு ஆக்சைடு, எக்ஸ்ரேயில தெரிய டான்டலம், கூடவே மருந்து. பன்றி, செம்மறியாடு வரைக்கும் போயிருக்காங்க. அதுக்குமேல இல்லை.

மனுஷங்களுக்கு வந்தது என்னன்னா, விழுங்கின கேமரா கேப்சூலை வெளியிலிருந்து காந்தத்தால திருப்பி இரைப்பையைப் பாக்கற முறை. அப்படி ஒண்ணுக்கு 2020-ல் அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. அனுமதி குடுத்துச்சு. கேப்சூல் ஒரு இஞ்ச் நீளம், அதனாலதான் இழுக்க முடியுது. பாக்கும், வெட்டாது. இதை எழுதினா யாரும் படிக்க மாட்டாங்களாம்!

தேதியை மாத்தாதீங்கன்னு பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன். "அப்ப பேப்பர்ல போட்டது பொய்யாடா?"

"பன்றி வரைக்கும் வந்ததை பெரியப்பா வரைக்கும் வந்துட்டதா எழுதிட்டான் பெரியம்மா. அந்தப் பேப்பரை எடுத்து வைங்க, ஆசிரியருக்கு ஒரு கடுதாசி போடணும்."