போல்ட்டின் முதுகும் எல்லாருக்கும் ஒரே பயிற்சியும்

ஒருத்தர் ஜெயித்துவிட்டால் போதும், அவருடைய பயிற்சியை அப்படியே காப்பியடிக்க ஒரு கூட்டமே கிளம்பிவிடும். உசேன் போல்ட்டின் கதை தெரிந்தால் இந்த ஆசை கொஞ்சம் அடங்கும்.

ஜமைக்காவின் போல்ட்டுக்கு முதுகெலும்பு வளைவு உண்டு. ஸ்கோலியோசிஸ் என்று பெயர். 2004 ஏப்ரலில் 200 மீட்டரை 19.93 விநாடியில் ஓடி ஜூனியர் உலக சாதனை படைத்தார். சில மாதங்களில் ஏதென்ஸ் ஒலிம்பிக். காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியே! வேகத்துக்குக் குறைவில்லை, உடம்புதான் தாங்கவில்லை.

அதன் பிறகு வந்த பயிற்சியாளர் கிளென் மில்ஸ், முதலில் அந்த முதுகைக் கவனித்தார். முதுகு, வயிற்றுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகள் முக்கியமாயின. வளைவு போகவில்லை, அதைத் தாங்கும் பலம் வந்தது. 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டர் 9.69 விநாடி, 2009 பெர்லினில் 9.58! 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அவருடைய பழைய ஓட்டம் ஒன்றை அலசினார்கள். வலது கால் இடது காலைவிடச் சுமார் 13 சதவீதம் அதிக விசையோடு தரையில் பதிந்திருந்தது. புத்தகப்படி பார்த்தால் அது 'தப்பான' ஓட்டம்தான்!

ஆக, போல்ட்டிடம் காப்பியடிக்க வேண்டியது அவர் செய்த பயிற்சியை அல்ல, அது தேர்ந்தெடுக்கப்பட்ட விதத்தை. இருபது பேருக்கும் ஒரே விசில், ஒரே அட்டவணை என்பது பயிற்சியாளருக்கு வசதி. ஆனால் "முட்டி வலிக்குது சார்" என்கிற பையனுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டுவது அநியாயம். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். பயிற்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது.