காவல் கல்லுக்கு யார் காவல்?



சீனாவுக்குச் சுற்றுலா போன பழைய மாணவர் ஒருவர், சியான் நகரத்துச் சுடுமண் வீரர்களைப் படமெடுத்து அனுப்பி, "சார், நம்ம பக்கம் இப்படி ஏதும் உண்டா?" என்று கேட்டிருந்தார். எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

1974இல் விவசாயிகள் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டவை அவை. சின் ஷி ஹுவாங் பேரரசரின் கல்லறைக்குக் காவலாக, ஆளுயரத்தில் ஆயிரக்கணக்கான மண் வீரர்கள். ஆனால் கி.மு. 221இல் சீனா முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த அந்த வம்சம் நின்றது 15 ஆண்டுதான். கி.மு. 210இல் அவர் இறந்தார். ஐந்து ஆண்டு முடிவதற்குள் ஆட்சியே போய்விட்டது. கட்டாய வேலையும் கடுந்தண்டனையும் தாங்காமல் சனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மண் வீரர்களால் அதைத் தடுக்க முடியவில்லை.

நம்ம பக்கம்? திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரிலும் விழுப்புரம் மாவட்டம் உடையாநத்தத்திலும், பெருங்கற்கால ஈமக்காட்டில் ஆள் உருவில் ஒரு பெரிய பலகைக்கல் நிற்கிறது. தாய்த்தெய்வம் என்கிறார்கள். எனக்கு அது காவல் நிற்பதாகவே படுகிறது. நம் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் கிடைத்த நடுகல், ஆநிரைச் சண்டையில் இறந்த கணங்குமாரன் என்பவனின் பெயரைத் தமிழி எழுத்தில் சொல்கிறது. அவன் பேரரசன் இல்லை. ஆனாலும் பெயர் நிற்கிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எத்தனையோ வருஷம் உங்களைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போய் ஓவியத்தைக் காட்டினேன். சாலையோரத்துக் கல்வட்டங்களைக் காட்டவில்லை. ஒரு தடவை அந்தக் கற்கள் மேல் உட்கார்ந்துதான் எல்லோரும் புளிச்சோறு சாப்பிட்டோம். அது ஈமக்காடு, எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கே அன்று தெரியாது. அரசர்களின் ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் பண்ண வைத்தேன்.

என் கருத்து இதுதான். கல் நம்மைக் காக்கும் காலம் போய், நாம் கல்லைக் காக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நிலத்தைச் சமப்படுத்தும்போது வட்டமாகக் கற்களோ, தாழி ஓடோ தட்டுப்பட்டால் பொக்லைனை நிறுத்துங்கள். புதையல் என்று தோண்டாதீர்கள். வி.ஏ.ஓ.விடமோ புதுக்கோட்டை அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.

அடுத்த முறை பிள்ளைகளோடு சித்தன்னவாசல் போனால், கல்வட்டத்துப் பக்கம் இறங்கி ஐந்து நிமிஷம் காட்டுங்கள். வாத்தியார் விட்டுப்போன பாடம் அது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், கட்டுமாவடி