வளர்ந்த நாய்க்கும் வீடு வேண்டும்



தத்து முகாம்களில் குட்டிகளுக்குச் சீக்கிரமே வீடு கிடைத்துவிடுகிறது. நாலைந்து வயதான கலப்பின நாய்களைப் பார்ப்பவர்களோ, "கூப்பிட்டா வரமாட்டேங்குதே" என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் தற்காலிகமாக இருப்பதும் அப்படியொன்றுதான். பொமரேனியன் சாயல், சின்ன உடம்பு. வீடு மாறிப் போனவர்கள் தெருவில் விட்டுச் சென்றது. தையல் மெஷினுக்கு அடியில்தான் வாசம். தயிர்சாதத் தட்டை வைத்துவிட்டு நாம் முதுகைக் காட்டினால்தான் மூக்கு வெளியே வரும். இதுபோன்ற நாயை எட்டித் தலையில் தட்டக் கூடாது. பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, அதுவாக முகர்ந்து பார்க்க விட வேண்டும். பழக வாரக்கணக்கில் ஆகலாம். ஆனால் எவ்வளவு பெரிதாக வளருமோ என்ற கவலை இல்லை. செருப்பைக் கடிக்கும் வயதும் தாண்டிவிட்டது. (வாண்டுகள் நிறைந்த வீட்டுக்கு இது சரிவராது, சொல்லிவிடுகிறேன்.)

"அபார்ட்மென்ட்டில் விடமாட்டார்கள்" என்பது பலர் சொல்லும் சாக்கு. குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சங்கச் செயலாளர்கள் ஒருமுறை படிக்கட்டும்.

ஆசிரியரே, உங்கள் இதழில் வாரம் ஒரு வளர்ந்த நாயின் படத்தைப் போடலாமே? கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி விவரத்தோடு, அதன் கூச்சத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

– ஒரு வாசகி, மேற்கு தாம்பரம்