பொன்னாடை இருக்கட்டும், கையெழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்

வேலூர் மாவட்டம் கணியம்பாடிக்குப் பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். படைக்குப் போனவர்களைப் போற்றாத மேடை இந்த மாவட்டத்தில் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாத வீட்டில் போர்வெல் போட்டவள், மாமனாரை டயாலிசிசுக்கு அழைத்துப் போனவள், நாத்தனாருக்கு வரன் பார்த்து முடித்தவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணவன் இருக்கும்வரை அவள் ‘ஹவில்தார் சம்சாரம்’. அவன் போரில் மடிந்தால்தான் ‘வீர நாரி’. படைவீரர்களின் மனைவியரான நாங்கள் மாவட்ட நிர்வாகத்திடமும் மாநில அரசிடமும் கேட்பவை இவை.

முதலில் கையெழுத்து. ஃபீல்டு ஏரியாவுக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளும் பட்டா மாறுதல், வீட்டு வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் எங்கள் தலையில்தான். போனால், ‘உரிமையாளர் நேரில் வரட்டும்’ என்கிறார்கள். பனிமலையில் காவல் நிற்பவர் எப்படி வருவார்? எங்களில் ஒருத்தி ஒரே நில அளவைக்கு ஐந்து முறை அலைந்தாள். கடைசியில் கணவர் லீவு போட்டு வந்த வாரம் சர்வேயர் விடுப்பில் இருந்தார். கமாண்டிங் ஆபீசர் சான்றளித்த கடிதத்தோடு மனைவி கையெழுத்திட்டால் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம் இது. இத்தனை காலம் ஏன் ஆகிறது?

வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போனால் வாய்தாவுக்கு நிற்பதும் நாங்கள்தான். போர்முனை போன்ற இடங்களில் பணியிலிருக்கும் வீரரின் வழக்கு அவர் இல்லாமலே முடிந்துவிடாதபடி ஒத்திவைக்க 1925ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. நூறு ஆண்டு ஆகியும் அது எங்களில் பலர் காதுக்கு எட்டவில்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வாரம் ஒருநாள் வழக்கறிஞர் ஒருவர் உட்கார வேண்டும்.

பிள்ளைகள் படிப்பு அடுத்தது. ஜோத்பூரிலும் ஜம்முவிலும் இந்தி படித்து வளர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பில் ஊர் திரும்புகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். இரவில் அடுப்படியில் உட்கார்ந்து அ, ஆ எழுத வைப்பது நாங்கள்தானே. அந்த வேலையில் பள்ளியும் பங்கெடுக்கட்டும்: திரும்பி வரும் பிள்ளைக்கு ஓராண்டு தனித் தமிழ் வகுப்பு, வரும் ஜூனிலிருந்தே.

எங்களில் பி.எட். முடித்தவர்கள் உண்டு. போன ஊரிலெல்லாம் கிடைத்த பள்ளியில் பாடம் நடத்தினோம். யூனிட் வெல்ஃபேர் சென்டரில் தையலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தோம். (அங்கே சமோசா பொரித்ததைச் சேர்க்கவில்லை.) ஊருக்கு வந்து வேலை கேட்டால் ‘ஏன் இத்தனை இடைவெளி?’ என்கிறார்கள். அது இடைவெளி அல்ல, வேலை பார்த்த காலம். தற்காலிக ஆசிரியர் நியமனத்தில் இந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

டிசம்பர் 7, கொடி நாள். அன்று எங்களை மேடைக்கு அழைப்பதானால் எங்கள் கையெழுத்தை ஏற்கும் சுற்றறிக்கையின் நகலைக் கையில் கொடுங்கள். கணவருக்கு ஆண்டு லீவு 60 நாள். பொங்கலுக்கு அவர் வரும்போது பட்டா வீட்டில் இருக்க வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் அவர் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கக் கூடாது.