துவக்கு வாங்குமுன் தோட்டாவைக் கணக்கிடுக

நெற்கதிர் பால் பிடிக்கும் வேளையிலும், மரவள்ளியும் வற்றாளையும் கிழங்கு வைக்கும் வேளையிலும் காட்டுப்பன்றி விளைக்கும் அழிவைக் கமக்காரர் நன்கறிவர். மாதக்கணக்கான உழைப்பு ஓரிரவிற் பாழாவதைக் கண்டவர், அனுமதிப்பத்திரம் பெற்றுப் பயிர்க் காவலுக்குத் துவக்கொன்று வாங்க விரும்புதல் இயல்பே. ஆயின், எத்துவக்கை வாங்குவது என்னும் வினாவிற்குப் பலர் துவக்கின் விலையையும் தோற்றத்தையும் மட்டுமே நோக்கி விடை காண்கின்றனர். இது பொருத்தமன்று என்பதே எமது கருத்து. துவக்கு ஒருமுறை வாங்கப்படுவது. தோட்டாவோ போகந்தோறும் வாங்கப்படுவது. ஆதலால் முதலில் தோட்டாவைத் தெரிந்து, பின்னரே அதற்குரிய துவக்கைத் தெரிதல் வேண்டும்.

சன்னத் துவக்கின் அளவு இலக்கத்தாற் குறிக்கப்படும். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டமே 12 ஆம் இலக்கக் குழலின் உள்விட்டமாகும். அது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். 16 ஆம் இலக்கக் குழல் 16.8 மில்லிமீற்றரும், 20 ஆம் இலக்கக் குழல் 15.6 மில்லிமீற்றரும் கொண்டவை. எனவே, இலக்கம் கூடக் குழல் சிறுக்கும் என்பதை நினைவிற் கொள்க.

பழைய 16 ஆம் இலக்கத் துவக்கொன்று குறைந்த விலைக்கு வருமாயின், அது இலாபமெனத் தோன்றலாம். அது பாரமும் குறைந்தது. தோளில் உதைப்பதும் குறைவு. ஆனால் உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்படுவது 12 ஆம் இலக்கத் தோட்டாவே. இறக்குமதி தடைப்படுங்கால், அருகி விற்கும் சரக்கே முதலிற் கடையை விட்டு மறையும். 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டா கிடையாத துவக்கு உலக்கைக்கு ஒப்பானதே. 12 ஆம் இலக்கத்தின் உதைப்பு மிகுதி என்போர், குறைந்த சன்ன நிறையுள்ள தோட்டாவை வாங்கி அக்குறையைத் தணித்துக் கொள்ளலாம்.

சிறு தோட்டா சிக்கனமானது எனக் கருதுவதும் தவறு. அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 410 பங்கு அளவுடைய சிறு குழற்றுவக்கின் தோட்டாவில் ஏறத்தாழ 14 கிராம் சன்னமே உண்டு. 12 ஆம் இலக்கத் தோட்டாவிலோ 30 கிராமளவு உண்டு. காயமுற்றுப் பற்றைக்குள் ஒதுங்கிய பன்றியாற் காவற்காரருக்கே ஆபத்து. ஒற்றைக் குண்டு சுடும் ரைபிளும் வயற்காவலுக்கு ஏற்றதன்று. மிகச் சிறிய .22 ரைபிளின் குண்டுகூட ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் செல்லவல்லது. அயல் வயலின் காவற்கொட்டிலில் எவரிருப்பர் என்பதை இருளில் யார் அறிவார்?

வாங்குமுன் செய்ய வேண்டுவன இவை. அண்மையிலுள்ள அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் எவ்விலக்கத் தோட்டா வழமையாக இருக்கிறதென நேரிற் கேட்டறிக. ஒரு போகத்திற்கு வேண்டிய தோட்டாக்களின் விலையோடு, ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டுக. அத்தொகையை, காக்க வேண்டிய விளைவின் பெறுமதியோடு ஒப்பிடுக. செலவு மிகுமாயின், அயலவருடன் கூடி வேலியடைத்து முறைக்காவல் வைப்பதே மேலானது.

குழலிற் பொறிக்கப்பட்ட அறையின் நீளத்தையும் பார்த்தல் வேண்டும். 65 மில்லிமீற்றர் அறையில் 70 மில்லிமீற்றர்த் தோட்டாவை இட்டுச் சுடலாகாது. அமுக்கம் மிகுந்து தீங்கு விளையும். 12, 20 ஆகிய இரு இலக்கத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைத்தலும் ஆகாது. 20 ஆம் இலக்கத் தோட்டா 12 ஆம் இலக்கக் குழலினுள் வழுகிச் சென்று நடுவிற் சிக்கிக் கொள்ளும். அதனை அறியாது வேறொன்றை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையைச் சிதைக்கும்.

தோட்டா கிடைக்காமையோ விலையேற்றமோ கட்டுத்துவக்கு வைப்பதற்கு நியாயமாகாது. அது சட்டவிரோதமானது, பன்றிக்கும் விறகெடுக்கச் செல்லும் அயலவருக்கும் வேறுபாடு அறியாதது. சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட யானையின்மீது சன்னம் எய்தலும் குற்றமே. அச்சன்னம் யானையை வீழ்த்தாது. புண்ணாகி அதனை மேலும் மூர்க்கமாக்கும்.

எளிதிற் கிடைக்கும் தோட்டாவுக்குரிய துவக்கைக் கொள்க. அதனினும் வேலியையும் விழிப்பையும் முதற்காவலாகக் கொள்க. சுடாது மீதமாகும் ஒவ்வொரு தோட்டாவும் கமக்காரரின் இலாபமேயாம்.