கறியை விடலாம், நம் சமையலறையை விடக்கூடாது

"அக்கா, நான் கறி சாப்பிடுவதை விட்டுவிட்டேன். படிப்பு வட்டத் தோழர்கள் பார்ப்பான் ஆகிவிட்டாயா என்று கேட்கிறார்கள். நான் செய்தது துரோகமா?"

கடந்த சில வருடங்களாக மாணவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. காரணங்கள் பலவிதம். ஒருவருக்கு விலங்குகள் மீது இரக்கம், ஒருவருக்குப் பௌத்தம், இன்னொருவருக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் படித்தது. காரணம் எதுவானாலும் என் பதில் ஒன்றுதான். துரோகம் இல்லை. எதைத் தின்ன வேண்டும் என்று அடுத்தவன் சொல்லக்கூடாது என்பதுதானே நம் போராட்டம்? அந்த அடுத்தவன் நம் தோழராக இருந்தாலும் சொல்லக்கூடாது. மாட்டுக்கறி உண்ணும் உரிமைக்காக நிற்கிறவர்கள் அதை உண்ணாமல் இருக்கும் உரிமைக்காகவும் நிற்க வேண்டும்.

ஆனால் இந்தப் பதிலோடு முடித்துக்கொள்ள முடியாது. கறியை விட்டவர் எதை நோக்கிப் போகிறார் என்பது முக்கியம். இரக்கத்தை நோக்கியா, தூய்மையை நோக்கியா?

நம் மொழியே இந்த இடத்தில் ஒரு பொறி வைத்திருக்கிறது. காய்கறி உணவுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'சைவம்'. அது ஒரு சமயத்தின் பெயர். மற்றவர் உண்பதெல்லாம் 'அசைவம்', அதாவது அது இல்லாதது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் கறியோ மீனோ முட்டையோ உண்பவர்கள் என்று 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த 97 பேரின் உணவுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. கடைப் பலகையில் 'உயர்தர சைவ உணவகம்' என்று எழுதுகிறார்கள். அங்கே உயர்ந்தது இட்லியின் தரமா, சாதியா? 'வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்' என்ற பலகை யாரை உள்ளே விடாமல் தடுக்கிறது என்பது வீடு தேடி அலைந்த நமக்குத் தெரியும். ஈழத்தமிழர்கள் 'மரக்கறி' என்கிறார்கள். மரக்கறி உண்பவர் என்று சொல்லிப் பாருங்கள், உயர்வு தாழ்வு எதுவும் ஒட்டவில்லை.

அண்ணல் அம்பேத்கரிடம் இதற்குத் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. 1927-இல் மகாடில் கூடிய மக்களிடம் செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடச் சொன்னார். அடுத்தவர் வீசியதைத் தின்று வாழும் அடிமை நிலையிலிருந்து எழுந்திருங்கள் என்பதே அதன் பொருள். அதே அம்பேத்கர்தான் 1948-இல் 'தீண்டப்படாதோர் யார்?' என்ற ஆய்வில், ஒரு காலத்தில் மாட்டிறைச்சி உண்ட பார்ப்பனர்கள் பௌத்தத்தோடு நடந்த போட்டியில்தான் அதை விட்டார்கள் என்றும், தொடர்ந்து உண்டவர்கள் தீண்டத்தகாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்றும் வாதிட்டார். ஆக, ஒரு உணவை விடுவது சுயமரியாதையாகவும் இருக்கலாம், ஆதிக்கத்தின் தந்திரமாகவும் இருக்கலாம். விடுகிற பொருளைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. விட்டவர் தன் பக்கத்து இலையை எப்படிப் பார்க்கிறார் என்பதில் தெரியும்.

பௌத்தத்துக்காக விட்டேன் என்கிற தம்பிகளுக்கும் ஒரு செய்தி. பிக்குகள் அனைவரும் புலால் மறுக்க வேண்டும் என்று விதி செய்யுமாறு தேவதத்தன் கேட்டபோது புத்தர் மறுத்தார் என்கின்றன பாலி நூல்கள். 1956-இல் நாக்பூரில் எடுக்கப்பட்ட 22 உறுதிமொழிகளில் உயிர்களிடத்தில் அன்பு உண்டு, மது விலக்கு உண்டு. புலால் விலக்கு இல்லை. நீங்கள் விடுவது உங்கள் விருப்பம். அதை வைத்து விடாத பௌத்தரை அளக்காதீர்கள்.

சரி, விட்டாயிற்று. தட்டில் என்ன?

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கறியை விட்டவுடன் கூடவே நம் வீட்டு மசாலாவையும் விட்டுவிட்டு, சாம்பாருக்கும் தயிர்சாதத்துக்கும் போய்விடுகிறார்கள். பெருங்காயம் போட்டால்தான் மரக்கறிச் சமையல் என்று யார் சொன்னது? மிளகும் சோம்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் அம்மியில் அரைத்து, எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் ஈரலிலிருந்தும் ருசியைப் பிழிந்தெடுத்த கைகள் நம் அம்மாக்களுடையவை. நல்ல துண்டெல்லாம் வேறு வீட்டுக்குப் போன பிறகு மிஞ்சியதை விருந்தாக்கிய அறிவு அது. அதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் எழுதி வைக்கவில்லை. மீல் மேக்கருக்கும் அது பொருந்தும்.

மீல் மேக்கர் என்பது என்ன? சோயா மொச்சையிலிருந்து எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவை, சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத்தின் வழியே தள்ளி நார் போல ஆக்கிக் காயவைத்தது. 1960-களில் அமெரிக்காவில் ஒரு எண்ணெய் வித்து நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம். எண்ணெய் எடுத்த மிச்சம் என்பதால் கொழுப்பு மிகக் குறைவு. அதனால்தான் வெறுமனே குழம்பில் போட்டால் பஞ்சைக் கடித்த மாதிரி இருக்கிறது. கறி வேகும்போது தன் சாற்றையும் கொழுப்பையும் குழம்புக்குக் கொடுக்கும். மீல் மேக்கர் குழம்பில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிச் சமையல் முடிந்தது. கொடுக்காத பொருளுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.

உப்புக்கண்டம் ஊறவைத்துச் சமைத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. காய்ந்த பொருளை எப்படி உயிர்ப்பிப்பது என்று உங்கள் பாட்டிக்குத் தெரியும். செய்முறை இதோ, நான்கு பேருக்கு.

நூறு கிராம் மீல் மேக்கரை உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் விட்டு, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு கைக்குள் வைத்து நன்றாகப் பிழியுங்கள். இன்னும் இரண்டு முறை அலசிப் பிழிந்தால் அந்த மாவு வாடை போய்விடும். பெரும்பாலானவர்கள் சோம்பல்படுவது இங்கேதான். தண்ணீர் உள்ளே இருந்தால் மசாலா உள்ளே போகாது. பிறகு இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, இரண்டு கரண்டி தயிர் போட்டுப் பிசறி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பால் பொருள் வேண்டாதவர்கள் எலுமிச்சைச் சாறு விடலாம்.

இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சோம்பு, ஐந்து காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு ஆகியவற்றை வறுத்து, ஒரு கைப்பிடி தேங்காயோடு அரைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெய், கறிக்கு ஊற்றுவதைவிட ஒரு கரண்டி கூடுதலாக. சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, இருபது சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி வதக்கி, ஊறிய துண்டுகளைப் போட்டு ஓரம் சிவக்கும்வரை பிரட்டுங்கள். அதன்பின் அரைத்த மசாலா, தண்ணீர், சிறுதீயில் பத்து நிமிடம். இறக்கியவுடன் பரிமாறாதீர்கள். அரை மணி நேரம் கிடக்கட்டும், அப்போதுதான் உறிஞ்சும். சுக்கா வேண்டுமென்றால் தண்ணீரைக் குறைத்து, மிளகைக் கூட்டி, தேங்காய்ச் சில்லு போட்டு வறுங்கள். கொழுப்புத் துண்டு கடிபட வேண்டிய இடத்தில் சில்லு கடிபடும். பொடியாக உள்ள மீல் மேக்கரைப் பொட்டுக்கடலை மாவோடு பிசைந்தால் கோலா உருண்டை.

எல்லா நாளும் சோயாவும் வேண்டியதில்லை. பிஞ்சுப் பலா, மழைக்குப் பின் வரும் காளான், சேனைக்கிழங்கு, மொச்சை, கொள்ளு எல்லாமே நம் மசாலாவுக்குப் படியும். நகரத்துப் பேரங்காடியில் குளிர்பெட்டியில் விற்கும் 'தாவர இறைச்சி' நம் பிள்ளைகளின் விடுதிச் செலவுக்குக் கட்டுப்படியாகாது. அதைத் தேடிப் போக வேண்டாம்.

தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. நீ கறியை விட்டதற்காக உன் அம்மா இரண்டு சட்டி வைக்கக்கூடாது. வயல் வேலையோ வீட்டு வேலையோ முடித்துவிட்டு வரும் அம்மாவின் முதுகில் உன் கொள்கையை ஏற்றாதே. ஊறவை, பிழி, அரை, நீயே செய். கொஞ்சம் அவர்களுக்கும் போடு.

அடுத்தது உடம்பு. காய்ந்த மீல் மேக்கர் நூறு கிராமில் ஏறத்தாழ 52 கிராம் புரதம் இருக்கிறது. கறியைவிட இரண்டு மடங்கு என்று விளம்பரம் செய்கிறார்கள். அது காய்ந்த எடைக்கான கணக்கு. ஊறிய பிறகு எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. தட்டில் விழும் நூறு கிராமில் இருப்பது 15 முதல் 18 கிராம்தான். அதுவும் நல்ல புரதம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தை நம்பி நான்கு துண்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

புரதம் கிடைத்துவிட்டால் கறிக்கு ஈடாகிவிட்டது என்பது பொய். பி12 என்ற உயிர்ச்சத்து செடிகொடிகளில் கிடைப்பதில்லை. சோயாவிலும் இல்லை. முட்டை, பால், தயிர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவையும் வேண்டாம் என்பவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். குறைந்தால் நரம்பைத் தாக்கும், விளையாட்டல்ல. இரும்புச்சத்து சோயாவில் உண்டு, ஆனால் அதிலுள்ள பைடேட் என்ற பொருள் அதை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள விடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடுதலாக ஏறும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. வெளுத்துப்போன பெண்ணுக்குச் சுவரொட்டி வாங்கி வறுத்துக் கொடுத்த நம் பாட்டிகள் ஊட்டச்சத்து நூல் படித்தவர்கள் அல்ல, ஆனால் சரியாகத்தான் செய்தார்கள். ஆகவே தங்கைகளே, கறியை விடுவதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்கு அரசியல் காரணம் இருக்கிறது. "முட்டை எதற்கு, சோயா இருக்கிறதே" என்ற பேச்சு நாம் தேர்ந்தெடுத்து உண்பதோடு நிற்பதில்லை, நம் குழந்தைகளின் தட்டுக்கு வருகிறது. நாட்டிலேயே சோயா அதிகம் விளையும் மாநிலங்களில் முன்னணியில் இருப்பது மத்தியப் பிரதேசம். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்குப் பெயர்போனதும் அதே மாநிலம். பழங்குடியினர் அதிகம் வாழும் மாவட்டங்களில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் திட்டத்தை 2015-இல் அன்றைய முதலமைச்சர் மறுத்தார். 2021-இல் கர்நாடகத்தில் பள்ளியில் முட்டை போட்டபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டில் 1989-இல் சத்துணவில் முட்டை நுழைந்து, படிப்படியாக எல்லாப் பள்ளி நாட்களுக்கும் வந்தது. வேண்டாத குழந்தைக்கு வாழைப்பழம். அதுதான் சரியான முறை. விடுகிறவருக்கு மாற்று உண்டு, அவர் பெயரைச் சொல்லி மற்றவர் தட்டிலிருந்து எடுப்பதில்லை.

இந்த எல்லையை மீறினால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறோம். 2018-இல் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் 'சைவர்'களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு கிழித்தார்கள். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். பட்டியலினத்தவருக்கான மாநில ஆணையம் இது பாகுபாடு என்று மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. தனி வாசல் கேட்டவருக்கும் உங்களுக்கும் தட்டில் இருப்பது ஒரே சோறாக இருக்கலாம். அவர் வாசலில் நீங்கள் நுழையாதவரை நீங்கள் வேறு, அவர் வேறு.

ஆகவே கறியை விட்ட தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மாட்டுக்கறி விருந்து நடக்கும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். உங்கள் மீல் மேக்கர் சுக்காவோடு வாருங்கள், அதே பாயில் உட்காருங்கள். 'சைவமா' என்று வீட்டுக்காரர் கேட்டால், ஆமாம் என்று சொல்லிச் சாவி வாங்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும். அப்போது, "நான் மரக்கறிதான், ஆனால் என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் தின்பார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வீடு கிடைக்காமல் போகலாம். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

கறி உண்ணும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தில் இருப்பவன் கறியை விட்டால் அவனைக் கேலி செய்யாதீர்கள். அவன் சட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மசாலா நம்முடையதாக இருந்தால் அவன் இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறான்.

ஜெய் பீம்!