வினைக்கலத்தின் பசி

மண்ணடிக் கன்னெய் என்றேனும் ஒருநாள் வற்றும்; அது வற்றுமுன்னரே வாங்குவோர் கைப்பொருளை வற்றச் செய்துவிடும். ஆகலின், வித்தெண்ணெயினின்று எரிநெய் ஆக்குவோம் என்னும் குரல் எங்கணும் எழுகின்றது. நல்ல குரலே. ஆயினும் ஒரு வினா உண்டு.

செருமானியப் பொறிஞர் உருடால்பு தீசல் படைத்த வகைப் பொறி, 1900-ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியிலேயே நிலக்கடலை எண்ணெயால் இயங்கிக் காட்டிற்று. எனினும், எண்ணெயை அவ்வாறே ஊற்றி வரின், தீசலினும் ஏறத்தாழப் பத்து மடங்கான அதன் பிசுக்கு நாளடைவில் பொறியைக் கெடுக்கும். அப் பிசுக்கை நீக்குவதே வேதியல் வினை. மெத்தனால் எனப்படும் மரச்சாராயத்தையும் சிறிதளவு எரிகாரத்தையும் எண்ணெயொடு கூட்டி, 60 பாகை வெப்பத்தில் கலக்கினால், மேலே மெல்லிய எரிநெய்யும் கீழே கிளிசரினும் பிரியும். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 100 கிலோ எரிநெய். 10 கிலோ கிளிசரின்.

இதனைப் பானையிற் சோறு ஆக்குதல்போல், ஏற்றிக் கலக்கித் தெளியவிட்டு இறக்கலாம். தொடரோட்ட வினைக்கலமோ வாய்க்கால் போன்றது. எக்கிகள் ஒருபுறம் எண்ணெயையும் சாராயத்தையும் அளவொடு செலுத்த, மறுபுறம் எரிநெய் இடையறாது வெளிவரும். நடுவே கிளிசரினைப் பிரித்து, மீண்டும் ஒருமுறை வினைப்படுத்தின், எஞ்சிய எண்ணெயும் எரிநெய்யாகும். ஆள்வேலை குறையும், தரம் மாறாது.

ஆனால் இக் கலத்திற்கு உறக்கமில்லை. ஆகவே பசிக்கும் ஓய்வில்லை. நாளொன்றுக்கு 10,000 கிலோ ஆக்கும் கலம், நாள்தோறும் ஏறத்தாழ அவ்வளவு எண்ணெயை விழுங்கும். அது எங்கிருந்து வரும்? இவ் வினாவை முதற்கண் எழுப்பாமையே நேர்ந்த பிழை.

2003-இல் இந்தியத் திட்டக்குழுவின் வல்லுநர் அறிக்கை காட்டாமணக்கை நம்பிற்று. 2009-ஆம் ஆண்டுக் கொள்கை, 2017-க்குள் நூற்றுக்கு 20 பங்கு கலப்போம் என்றது. விளைந்தது என்ன? கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் அதனை நட்ட உழவர் பலர், சொல்லப்பட்ட விளைச்சலைக் காணாது கைவிட்டனர். தரிசில் தானே காய்க்கும் என்றார்கள். நீரும் எருவுமின்றி எச்செடியும் நிறையக் காய்க்காது என்பதை உழவன் அறிவான். திட்டம் தீட்டியோர் அறிந்திலர். 2018-ஆம் ஆண்டுக் கொள்கை, 2030-க்குள் 5 பங்கு என இலக்கைத் தாழ்த்திற்று.

எனின், உண்ணும் எண்ணெயை ஊற்றலாமா? ஆகாது. சமையல் எண்ணெயிற் பாதிக்கு மேல் வெளிநாட்டினின்று வாங்கும் நாடு அதனை எரிப்பது, கடன் வாங்கிய அரிசியைக் கோழிக்கு இறைப்பதை ஒக்கும்.

எஞ்சியிருப்பது, பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய். அது உணவகங்களினின்று சிறு கடைகளுக்குக் கைமாறி, மீண்டும் ஏழையர் வயிற்றிற்கே செல்கின்றது. இதனைத் திரட்டி எரிநெய்யாக்கும் திட்டத்தை நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. இவ்வெண்ணெயில் நீரும் கொழுப்புக் காடியும் மிகுதி. அப்படியே எரிகாரம் சேர்த்தால் எரிநெய் குறைந்து வழலை மிகும். நீரைப் போக்கி, மரச்சாராயமும் கந்தகக் காடியும் சேர்த்து முன்னரே பண்படுத்தல் வேண்டும். இதுவும் அறியப்பட்ட முறையே.

ஆகவே, முதலில் எண்ணெயைத் திரட்டுக! தெருத்தெருவாக, கடைகடையாக, உரிய விலை கொடுத்துத் திரட்டுக! சிறிதளவே கிட்டும் ஊருக்குச் சிறு கலமே போதும்; பெருநகருக்குத் தொடரோட்டக் கலம் எழுப்புக! உலை ஏற்றுமுன் அரிசியைப் பார்ப்பதே அறிவுடைமை.